ஹவுரா முதல் சால்ட் லேக் வரை: ஒரு கால்பந்து ரயில் பாதை

கொல்கத்தாவில் இப்போது ஒரே மெட்ரோ ரயில் ஹவுரா, எஸ்பிளனேடு, சியால்டா, சால்ட் லேக் ஸ்டேடியம் ஆகிய நான்கு இடங்களையும் தொட்டுக்கொண்டு போகிறது. ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போகும் பகுதி 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. நடுவில் விடுபட்டிருந்த எஸ்பிளனேடு - சியால்டா துண்டு 2025 ஆகஸ்டில் சேர்ந்தது. அலுவலகம் போகிறவர்களுக்காகப் போட்ட பாதைதான். ஆனால் வங்காளக் கால்பந்தின் நூற்றுச் சொச்சம் வருட வரலாறு ஏறத்தாழ இதே வரிசையில் இந்தப் பாதையில் கிடக்கிறது.

இந்த யோசனையைச் சொன்னவர் என் மைத்துனர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இளம் வயதில் லெஃப்ட் அவுட் ஆடியவர். "அத்தான், கோயில் குளமெல்லாம் பாத்தாச்சு. ஒரு தடவை மைதானம் மைதானமாப் போய்ட்டு வருவமா?" என்றார். சென்ட்ரலில் ஹவுரா மெயில் ஏறினோம்.

ஹவுரா

செங்கல் நிறத்தில் கோட்டை மாதிரி நிற்கும் இன்றைய ஹவுரா ஸ்டேஷன் கட்டடம் 1905-இல் வந்தது. வங்காளத்தைக் கர்சன் பிரபு இரண்டாகப் பிரித்ததும் அதே வருடம்தான். சுதேசி இயக்கம், அந்நியத் துணி எரிப்பு எல்லாம் அதைத் தொடர்ந்து வந்தவை. 1911 ஜூலை 29 அன்று நடந்த ஆட்டத்தை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டம் அது. ஒரு பக்கம் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட், பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள். மறுபக்கம் மோகன் பகான். பதினொரு பேரில் சுதீர் சட்டர்ஜி ஒருவரைத் தவிர மற்ற பத்துப் பேரும் வெறுங்காலோடு ஆடினார்கள். ஆட்டத்தைப் பார்க்க பர்துவானிலிருந்து ஸ்பெஷல் ரயில் விட்டார்கள். ஆற்றில் கூடுதல் படகுச் சர்வீஸ் நடந்தது. இன்றுள்ள ஹவுரா பாலம் 1943-இல் திறந்தது. அப்போது இருந்தது 1874-இல் போட்ட மிதவைப் பாலம்தான். ரயிலில் வந்த கூட்டம் அந்தப் பாலத்தைக் கடந்துதான் மைதானத்துக்குப் போயிருக்கும்.

முதல் கோல் சிப்பாய்களுடையது. பிறகு சிவதாஸ் பாதுரி சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் அடித்த கோலில் மோகன் பகான் 2-1 என்று ஜெயித்தது. ஷீல்டை வென்ற முதல் இந்தியக் குழு அதுதான். கூட்டத்தின் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாததால் பட்டம் ஏற்றிக் கோல் கணக்கைத் தெரிவித்தார்கள் என்பது அந்த ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

அந்த டிசம்பரில் டெல்லி தர்பாரில் வங்கப் பிரிவினை ரத்தாயிற்று. தலைநகரமும் டெல்லிக்குப் போயிற்று. கால்பந்தால்தான் அது நடந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் வெள்ளைக்காரனையும் ஜெயிக்கலாம் என்பதைக் கல்கத்தாவின் சாதாரண ஜனம் கண்ணால் பார்த்தது அந்தச் சனிக்கிழமை மாலையில்தான். மோகன் பகான் இன்றும் ஜூலை 29-ஐத் தன் திருநாளாகக் கொண்டாடுகிறது.

எஸ்பிளனேடு

எஸ்பிளனேடில் இறங்கி நடந்தால் மைதான். நகரத்து நடுவில் இவ்வளவு பெரிய புல்வெளி எப்படித் தப்பியது என்று ஆச்சரியமாக இருக்கும். அது ராணுவத்தின் பொறுப்பில் உள்ள நிலம். வில்லியம் கோட்டையைச் சுற்றி, பீரங்கி சுடத் தடையில்லாமல் வெட்டவெளியாக விட்டது. அதனாலேயே இங்கே நினைத்தபடி பெரிய கட்டடம் எழுப்ப முடியாது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்றுக்கும் மைதானங்கள் இங்கேதான் இருக்கின்றன, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போகும் தூரத்தில். பெரிய ஸ்டேடியத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் கேலரியையும் கூடாரம் என்று பெயர் சொல்லும் கிளப் கட்டடத்தையும் பார்த்து ஏமாறலாம். எங்களுக்கு அதுதான் பிடித்திருந்தது.

மூன்று கிளப்புக்கும் மூன்று கதை. முகமதன் ஸ்போர்ட்டிங் 1934-இல் கல்கத்தா லீகை வென்றது. இந்தியக் குழு ஒன்று லீகை வென்றது அதுவே முதல் முறை. 1938 வரை ஐந்து வருடம் தொடர்ந்து விட்டுக் கொடுக்கவில்லை. ஈஸ்ட் பெங்கால் 1920-இல் பிறந்தது. ஜோராபகான் என்ற கிளப், கிழக்கு வங்கத்தைச் சேர்ந்த ஒரு வீரரை ஆட்டத்தில் சேர்க்காமல் விட்டது. அதைப் பொறுக்காத அதன் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி வெளியே வந்து நண்பர்களோடு தனிக் கிளப் ஆரம்பித்தார். ஊர்ப் பெயரையே கிளப்புக்கு வைத்தார்கள்.

இங்கே இரண்டு வங்காளிச் சொற்களைச் சொல்லியாக வேண்டும். மேற்கு வங்கப் பூர்வீகக்காரர் 'கோட்டி'. கிழக்கிலிருந்து வந்தவர் 'பாங்கால்'. நம் திருநெல்வேலிப் பக்கம் முதல் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. மைத்துனர் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. கோட்டி என்றால் மோகன் பகான், பாங்கால் என்றால் ஈஸ்ட் பெங்கால். கோட்டிக்கு இறால், பாங்காலுக்கு இலிஷ், அதாவது நம் ஊரில் உள்ளம் என்று சொல்கிற மீன். எந்தக் கிளப் ஜெயிக்கிறதோ அந்த மீனுக்கு அன்று கிராக்கி.

கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் வீரர்கள் பட்டியலைப் பார்த்தால் இந்தக் கோடு எங்கேயும் நேராக இல்லை. 1911-இல் கோப்பை வென்ற மோகன் பகான் வீரர்கள் பலருக்குப் பூர்வீகம் கிழக்கு வங்கம். 'சீனப் பெருஞ்சுவர்' என்று பெயர் வாங்கிய மோகன் பகானின் தடுப்பாட்டக்காரர் கோஷ்ட பால் பிறந்தது ஃபரித்பூர் பக்கம். 1962-இல் பத்மஸ்ரீ பெற்ற இவர்தான் அந்த விருது பெற்ற முதல் கால்பந்து வீரர். ஈடன் கார்டன்ஸ் பக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. தெருவுக்கும் அவர் பெயர்தான். மோகன் பகானின் பெருஞ்சுவரே ஒரு பாங்கால்!

சியால்டா

ஹவுரா மேற்கிலிருந்து வருகிறவர்களின் வாசல் என்றால், சியால்டா கிழக்கிலிருந்து வருகிறவர்களின் வாசல். 1947-இல் நாடு பிரிந்தபோதும், 1950-இல் கிழக்கு வங்கத்தில் கலவரம் மூண்டபோதும், வீடு வாசலை விட்டுவிட்டு ரயிலேறிய குடும்பங்கள் வந்து இறங்கியது இங்கேதான். போக்கிடம் இல்லாதவர்கள் பிளாட்பாரத்திலேயே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கிடந்தார்கள். பிறகு ஜாதவ்பூர், பிஜய்கர் பக்கம் காலி நிலங்களில் காலனி போட்டுக் குடியேறினார்கள்.

அந்த வருடங்களை ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் வருடங்களோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். 1949-இல் லீக், ஷீல்டு, பம்பாய் ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் அந்த கிளப் வென்றது. 1949, 50, 51 மூன்று வருடமும் ஷீல்டு அதற்கே. 1951, 52 இரண்டு வருடமும் டூரண்ட் கோப்பை. பிளாட்பாரத்தில் அகதிகள் நிரம்பிக் கிடந்த அதே காலத்தில், வரைபடத்தில் இல்லாமல் போன தங்கள் ஊரின் பெயர் மறுநாள் பேப்பரில் வெற்றிச் செய்தியாக வந்தது. அகதி என்ற சொல்லைத் தவிர வேறு அடையாளம் இல்லாதவனுக்கு அது என்னவாக இருந்திருக்கும்?

அந்த வெற்றிகளைத் தேடித் தந்தவர்கள் யார்? முன்வரிசை ஐவர். வங்காளிகள் அவர்களைப் பஞ்ச பாண்டவர் என்றார்கள். அகமது கான், வெங்கடேஷ், தன்ராஜ் மூவரும் பெங்களூர்க்காரர்கள். அப்பா ராவ் ஆந்திரர். சாலே கேரளத்தவர். ஐந்து பேரில் ஒருவரும் கிழக்கு வங்கத்தைப் பார்த்து வளர்ந்தவர் இல்லை. நம் பக்கத்துத் தண்டவாளத்தில் ஏறி ஹவுராவில் வந்து இறங்கியவர்கள், சியால்டாவில் வந்து இறங்கியவர்களின் மானத்தைக் காத்தார்கள். ஊரை இழந்தவர்களும் அவர்களிடம் ஜாதி, மதம், பாஷை எதுவும் கேட்கவில்லை. பிறகு வந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் மூன்று பெரிய கிளப்புகளுக்குமே ஆடியவர். பிரிவினையில் லயல்பூர் பக்கத்திலிருந்து வந்த ஜர்னைல் சிங், மோகன் பகானின் தூணானார்.

ஈஸ்ட் பெங்கால் மைதானத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தோம். மூன்று வயதில் சியால்டாவில் வந்து இறங்கியவராம். பிளாட்பாரத்தில் இரண்டு மாதம். "என் அப்பாவுக்கு ரேஷன் கார்டு கிடைக்கும் முன்பே கிளப் கிடைத்துவிட்டது" என்று ஹிந்தியில் சொன்னார். மைத்துனர் வெகுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மைத்துனர் பெருமைப்பட வேறொரு செய்தியும் இங்கே உண்டு. 1934-இலிருந்து மூன்று பெரிய கிளப்புகளைத் தவிர யாரும் தொட முடியாத கல்கத்தா லீகை, 1958-இல் வென்றது கிழக்கு ரயில்வே குழு. அதன் நட்சத்திரம் பி.கே. பானர்ஜி. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவின் கேப்டன். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்தபோது ஒரு கோல் அவருடையது, இன்னொன்று ஜர்னைல் சிங்குடையது. மோகன் பகானுக்கோ ஈஸ்ட் பெங்காலுக்கோ ஒருநாளும் ஆடாமல், ரயில்வேக்காரராகவே இருந்து அந்த உயரத்துக்குப் போனவர். கிழக்கு ரயில்வேக்குப் பிறகு மூன்று பெரிய கிளப் அல்லாத ஒரு குழு லீகை வெல்ல 2019 வரை, 61 வருடம் ஆயிற்று. "பாத்தீங்களா அத்தான், எங்க ஆளு!" என்றார் மைத்துனர். பி.கே.யை அவர் பார்த்ததுகூட இல்லை.

சால்ட் லேக்

இந்தப் பாசத்துக்கு ஒரு விலையும் கொடுத்திருக்கிறார்கள். 1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் லீக் ஆட்டம். வீரர்கள் இருவர் மோதிக்கொண்டது கேலரிக்குப் பரவிக் கைகலப்பாயிற்று. நெரிசலில் 16 பேர் இறந்தார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் திரும்பி வரவில்லை. வருடந்தோறும் அந்த நாளில் அவர்கள் நினைவாக ரத்ததானம் நடக்கிறது. ரத்தம் எந்தக் கிளப்புடையது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

1984-இல் சால்ட் லேக் ஸ்டேடியம் திறந்தது. விவேகானந்த யுவ பாரதி கிரீராங்கன் என்பது அதன் முழுப்பெயர். 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் இரண்டு கிளப்பும் மோதியபோது வந்தவர்கள் 1,31,781 பேர். இருக்கை போட்டபின் இன்று கொள்வது அதில் ஏறத்தாழப் பாதி. அன்று ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது. மூன்று கோல் அடித்தவர் பைச்சுங் பூட்டியா, சிக்கிம்காரர். பயிற்சியாளர் அதே ரயில்வேக்காரர், பி.கே. பானர்ஜி. வழக்கம்போல, ஜெயித்துக் கொடுத்தவர் வேறெங்கிருந்தோ வந்தவர்!

இதே ஸ்டேடியத்து வாசலில் 2024 ஆகஸ்டு 18 அன்று வேறொரு கூட்டம் கூடியது. மருத்துவமனையில் கொல்லப்பட்ட ஓர் இளம் பெண் டாக்டருக்கு நீதி கேட்டு நகரமே கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம். அன்று நடக்க வேண்டிய மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் டூரண்ட் ஆட்டம் ரத்தானது. ஆட்டம் இல்லாமலே இரண்டு கிளப் ரசிகர்களும் வந்தார்கள், முகமதன் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். பச்சையும் மெரூனும், சிவப்பும் மஞ்சளும், கறுப்பும் வெள்ளையும் ஒன்றாக நின்று ஒரே கோஷம் போட்டன. நூறு வருடம் எதிரெதிரே நின்றவர்களுக்கு, பக்கத்தில் நிற்கவும் தெரிந்திருந்தது.

ஒருவன் எந்த ஊர்க்காரன் என்பதை அவன் பிறந்த இடம் மட்டும் தீர்மானிப்பதில்லை. சாயங்காலம் யாரோடு நின்று கத்தினான் என்பதும் தீர்மானிக்கிறது. இந்தப் பயணத்தில் எனக்குப் பட்டது இதுதான்.

போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மழைக்காலத்தைத் தவிர்த்து, நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். வெயில் உறைக்காது, மைதானில் காலார நடக்கலாம். டீக்கடையில் எந்தக் கிளப் என்று கேட்பார்கள். எங்களையும் கேட்டார்கள். மைத்துனர் கொஞ்சமும் யோசிக்காமல், "கிழக்கு ரயில்வே" என்றார். கடையே சிரித்தது. டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.