எனக்குப் பிடித்த வருஷம்

சிலருக்குச் சங்கீதப் பைத்தியம். சிலருக்குச் சீட்டாட்டப் பைத்தியம். எனக்கு ஒரு வருஷத்தின் மேல் பைத்தியம். அது நான் பிறந்த வருஷம் அல்ல. கல்யாணம் செய்துகொண்ட வருஷமும் அல்ல. கி.பி. 1761.

"அப்படி என்னதான் ஐயா நடந்துவிட்டது அந்த வருஷத்தில்?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நடந்ததெல்லாம் பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்திலேயே இருக்கிறது. பானிபட் சண்டை மராட்டியர் அத்தியாயத்தில் வரும். புதுச்சேரியின் வீழ்ச்சி கர்நாடக யுத்தங்களில் வரும். ஹைதர் அலிக்கு மைசூர் அத்தியாயம். மூன்றையும் தனித்தனியாக நெட்டுருப் போட்டுப் பரீட்சையும் எழுதிவிட்டேன். பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு நாள், விளையாட்டாக, மூன்றையும் ஒரே காகிதத்தில் தேதி வாரியாகக் குறித்துப் பார்த்தேன். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

நீங்களே பாருங்கள். ஜனவரி 14-ஆம் தேதி, டில்லிக்கு வடக்கே பானிபட் மைதானத்தில், ஆப்கானிய மன்னன் அகமது ஷா அப்தாலியின் முன் மராட்டியரின் மாபெரும் சேனை அழிந்தது. படைத்தலைவர் சதாசிவ ராவ் பாவ் மாண்டார். பேஷ்வாவின் மகன் விசுவாச ராவ் என்ற வாலிபனும் மாண்டான். இரண்டே நாள் கழித்து, ஜனவரி 16-ஆம் தேதி, ஆயிரம் மைலுக்கும் அப்பால் புதுச்சேரிக் கோட்டைக்குள் கர்னல் கூட்டின் ஆங்கிலப் படை நுழைந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலி கைதியானார். பிற்பாடு மாதவ ராவ் காலத்தில் மராட்டியர் மறுபடி தலைதூக்கினார்கள். புதுச்சேரியும் 1763-ஆம் வருஷத்து உடன்படிக்கைப்படி பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்தது. ஆனால் இந்த நாட்டுக்கு எஜமானர்களாகலாம் என்று நினைத்த இரு கூட்டத்தாரும் ஒரே வாரத்தில் அடிபட்டார்கள். பானிபட் பக்கமே எட்டிப் பாராத ஆங்கிலேயருக்கு இரட்டை லாபம்!

இனி ஹைதரைப் பார்ப்போம். 1760-ல் அவர் லாலிக்கு உதவியாக ஒரு படையை அனுப்பியிருந்தார். அந்தச் சமயம் பார்த்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் வளர்த்துவிட்ட கண்டே ராவ் அவருக்கே பகையானார். ஹைதர் உயிர் தப்பி ஓட வேண்டியதாயிற்று. தன் தலைக்கே ஆபத்து வந்திருக்கும்போது அடுத்தவன் கோட்டையை யார் காப்பாற்றுவது? படை திரும்பிவிட்டது, புதுச்சேரி தனித்து நின்றது. கண்டே ராவ் பக்கம் ஒரு மராட்டியப் படை நின்றது அல்லவா? அந்தப் படை ஹைதரிடம் பேரம் பேசிக்கொண்டு திடீரென்று விலகிப் போயிற்று. அந்த அவசரத்துக்குக் காரணம் வடக்கே விழுந்த பானிபட் அடி என்பது பின்னர்தான் விளங்கிற்று. அந்த வருஷத்துக்குள் ஹைதர் மைசூரின் எஜமானர். பானிபட்டில் மராட்டியர் வென்றிருந்தால், ஹைதர் என்ற பெயரே சரித்திரத்தில் ஓர் அடிக்குறிப்பாகப் போயிருக்கலாம்.

இந்த முடிச்சுகள் ஒன்றும் அன்று இருந்தவர்களுக்குத் தெரியாது. அதுதான் கதை எழுதுகிறவனை இழுக்கும் விஷயம். மகனைத் தேடி வடக்கே வந்துகொண்டிருந்த பேஷ்வா பாலாஜி பாஜி ராவுக்குச் செய்தி எப்படிக் கிடைத்தது தெரியுமா? வழியில் அகப்பட்ட ஒரு லேவாதேவிக்காரரின் கடிதத்தில். அதில் யார் பெயரும் இல்லை. முத்து இரண்டு கரைந்து போனதாகவும், பொன் நாணயங்கள் பல தொலைந்ததாகவும், வெள்ளிக்கும் செம்புக்கும் கணக்கே இல்லை என்றும் வியாபாரப் பாஷையில் எழுதியிருந்தது. முத்து இரண்டில் ஒன்று தம் பிள்ளை என்று தகப்பனாருக்குப் புரிந்தது. ஜூன் மாதம் புனாவில் அவரும் கண்ணை மூடினார்.

இன்னொருவர், லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானசாஸ்திரி. அந்த ஜூன் 6-ஆம் தேதி சுக்கிரன் சூரிய பிம்பத்தின் குறுக்கே கடந்து போவதைப் புதுச்சேரியிலிருந்து அளப்பதற்காகக் கப்பல் ஏறியவர். மே மாதக் கடைசியில் மலையாளக் கரையை நெருங்கியபோதுதான், தாம் போக வேண்டிய ஊர் நான்கு மாதத்துக்கு முன்பே எதிரி வசமாகிவிட்டது என்று அறிந்தார்! குறித்த நாளில் ஆடும் கப்பலில் நின்றுகொண்டு சுக்கிரனை வெறுமே பார்த்தார், அளக்க முடியவில்லை. அடுத்த வாய்ப்பு 1769-ல். மனிதர் எட்டு வருஷம் காத்திருந்து புதுச்சேரிக்கே வந்து சேர்ந்தார். அன்று காலை பார்த்து மேகம் மூடிக்கொண்டது. 1771-ல் ஊர் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாக எண்ணி உறவினர்கள் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தார்கள். இப்படி ஒரு கதையை நான் கற்பனை செய்து அனுப்பினால் எந்தப் பத்திரிகாசிரியரும் நம்பமாட்டார்.

ஆனந்தரங்கப் பிள்ளையைச் சொல்லாமல் விடலாமா? 1736 முதல் புதுச்சேரியின் நல்லது கெட்டதை எல்லாம் தினப்படி குறித்து வந்தவர். கோட்டை விழுந்த அதே ஜனவரியில் அவர் காலமானார். அந்தக் கடைசி நாளை நமக்குச் சொல்ல அவர் நாட்குறிப்பு இல்லை.

ஆனால் இவர்கள் எல்லாரையும்விட என்னைத் தூங்கவிடாமல் செய்கிறவர்கள் வேறு. முற்றுகையின்போது கோட்டையில் தானியம் குறைந்துவிட்டது. 1760 நவம்பர் 27-ஆம் தேதி, ஊர்க்காரர்கள் சுமார் 1,400 பேரை, பெண்டு பிள்ளைகளோடு, லாலி வெளியே துரத்தினார். ஆங்கிலேயர் வழிவிடவில்லை. கோட்டைக் கதவும் திறக்கவில்லை. முன்னே ஒரு படை, பின்னே ஒரு படை. நடுவே எட்டு நாள் புல்வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு கிடந்தார்கள். அப்புறம்தான் கூட் மனமிரங்கி வழிவிட்டார்.

புத்தாண்டு தினத்தில் வீசிய புயலில் ஆங்கிலேயர் இழந்த கப்பல்களின் பெயர்கள்கூடப் பதிவாகியிருக்கின்றன. அந்த 1,400 பேரில் ஒருவர் பெயரையாவது நான் படித்த புத்தகங்களில் காணோம். என்றாவது 1761 பற்றி ஒரு நாவல் எழுதுவேனாகில், பேஷ்வாவையும் லாலியையும் பின்வரிசைக்கு அனுப்பிவிடுவேன். எட்டாம் நாள் வழி திறந்ததும், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தாளே ஒருத்தி, அவள் எந்த ஊர்ப் பக்கம் போனாள் என்பதிலிருந்துதான் முதல் அத்தியாயம் ஆரம்பமாகும்.