குவாய் நதிப் பாலத்தில் காணாத முகங்கள்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹட்டனுக்கு ஏறும் நெடுஞ்சாலையில் கித்துல்கல என்னும் சிற்றூர் உண்டு. அங்கே களனி கங்கையின் கரையில் சில கொங்கிறீற்று அடித்தளங்கள் எஞ்சிக் கிடக்கின்றன. 1957 மார்ச்சில், திரைப்படமொன்றுக்காகக் கட்டப்பட்ட பெரிய மரப்பாலம், அதன்மேல் ஓடிய புகைவண்டியோடு சேர்த்து இங்கே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. டேவிட் லீன் இயக்கிய 'குவாய் நதிப் பாலம்' என்ற அந்தப் படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. எதிரியின் நிலத்தில் இரகசியமாகப் புகுந்து நாசவேலை செய்யும் உளவுப் படையினரின் கதை அது. படம் மூலநாவலுக்கு விசுவாசமாக இருந்ததா என்பது அன்றுதொட்டுக் கேட்கப்படும் கேள்வி.

மூலநாவலைப் பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1952இல் வெளியிட்டார். அவரும் போர்க்காலத்தில் இந்தோசீனாவில் இரகசிய முகவராகப் பணியாற்றிச் சிறைப்பட்டவரே. அவர் நாவலில் யப்பானியரின் கைதியான கேணல் நிக்கல்சன், தன் படையின் பெருமையை நிலைநாட்ட வேண்டி எதிரிக்கே உறுதியான பாலத்தைக் கட்டிக் கொடுக்கிறான். இறுதிவரை தன் செய்கையின் பொருள் அவனுக்குப் புலப்படுவதில்லை. பாலமும் தகர்வதில்லை. படத்திலோ கடைசிக் கணத்தில் நிக்கல்சன் உண்மையை உணர்கிறான், அவன் விழும்போது வெடிவிசை அழுந்துகிறது, பாலம் இடிகிறது. நாவலில் ஆங்கிலேய அதிகாரியான ஷியர்ஸ், படத்தில் தப்பியோடிய அமெரிக்கக் கைதியாகிறான். கடமை என்ற பெயரில் மனிதன் எவ்வாறு குருடாகிறான் என்ற நாவலின் கசப்பைப் படம் பெருமளவு தணித்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஒன்றைப் படத்தின் பக்கமும் சொல்லவேண்டும். நாவலில் உளவுப் படையின் நிலையம் கல்கத்தாவில் இருக்கிறது. படம் அதனை இலங்கைக்குக் கொணர்கிறது. கதையின் கற்பனைப் படைக்கு முன்மாதிரியான 136ஆம் படை, போரின் பிற்பகுதியில் கண்டியில் தலைமையகம் கொண்டிருந்ததே உண்மை. நாவலை விட்டு விலகிய அவ்விடத்தில் படம் வரலாற்றை நெருங்கிற்று.

திரைக்கதைக்கான ஒஸ்கார் விருது பூலுக்கு வழங்கப்பட்டது. ஆனால் திரைக்கதையை எழுதியவர் அவரல்லர். எழுதிய கார்ல் போர்மனும் மைக்கல் வில்சனும் இடதுசாரி வேட்டையில் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்கள். ஆகவே அவர்களுடைய பெயர்கள் திரையில் வரவில்லை. 1984இல்தான் அவ்விருது அவர்களுக்குரியதென ஏற்கப்பட்டது. அது குடும்பத்தாரின் கைக்கு வந்தபோது இருவருமே உயிரோடில்லை.

இவ்விருவருக்குமாவது காலந்தாழ்ந்தேனும் நீதி கிடைத்தது. கதையிலிருந்தே மறைந்துபோன மக்களுக்கு என்ன கிடைத்தது?

சயாமையும் பர்மாவையும் இணைக்க யப்பானியர் 1942-43இல் அமைத்த அந்த இருப்புப்பாதை ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளமுடையது. அதில் வேலை செய்த நேசநாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல். இறந்தோர் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ இரண்டு இலட்சம் அளவினர். அவர்களில் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களுள் பெரும்பாலோர் இறப்பர்த் தோட்டங்களின் தமிழர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அவர்களை மாய்த்தன. படைவீரர்களுக்குக் காஞ்சனபுரியில் ஒழுங்கான கல்லறைகள் உள்ளன. இத்தொழிலாளர்களுக்குப் பெயர் பொறித்த கல்லேதும் வைக்கப்படவில்லை.

நாவலிலும் படத்திலும் கதைமாந்தராக இவர்களுள் ஒருவர்கூட இல்லை. பூல் இவர்களை அறியாதவரல்லர். 1936 முதல் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களில் பணிபுரிந்தவர் அவர். கைதிகளின் வேதனை பொய்யன்று. ஆனால் அதைவிடப் பன்மடங்கு பேரின் சாவு கதைக்கு வேண்டாததாயிற்று. படம் மூலத்துக்கு மிகவும் விசுவாசமாக இருந்தது இந்த மௌனத்தில்தான்!

படப்பிடிப்பு நடந்த இடத்தை எண்ணும்போது இதன் கொடுமை இன்னும் துலங்குகிறது. கித்துல்கலவில் ஓடும் நீர் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதித் தேயிலை மலைகளிலிருந்து இறங்கி வருவது. அம்மலைகளில் கொழுந்து பறித்தவர்களும் சயாமில் மடிந்தவர்களும் ஒரே மண்ணின் மக்கள். திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து கங்காணி முறையினால் ஒருவர் கண்டிச்சீமைக்கும் இன்னொருவர் மலாயாவுக்கும் அழைத்துச் செல்லப்பட்டனர். பாலம் வெடித்த 1957இல், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றோராய், வாக்குரிமையற்றோராய் லயங்களில் வாழ்ந்தனர். திரையிலும் தேர்தல் இடாப்பிலும் அவர்களுக்கு இடமிருக்கவில்லை.

இந்த மௌனத்தைப் பின்னர் மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் உடைத்தனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் தோட்டத் தொழிலாளியை நடுவில் நிறுத்தி அந்த இருப்புப்பாதையின் கதையைக் கூறுகின்றன.

ஒரு படம் நாவலுக்கு விசுவாசமானதா என்று ஆராய்வது பயனுள்ள வேலையே. ஆனால் அந்த நாவல் எவருடைய உண்மைக்கு விசுவாசமானது என்ற கேள்வியும் உடன் எழவேண்டும். கித்துல்கலவின் அடித்தளங்களைக் காட்ட மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், திரைப்படக் கதையோடு நிறுத்திக்கொள்ளலாகாது. உண்மையான இருப்புப்பாதையின் சிலிப்பர்க் கட்டைகளைச் சுமந்தவர் யார் என்பதையும் அந்த ஆற்றங்கரையிலேயே சொல்லிக் கொடுக்கட்டும்.