தில்லி ஏரிகளின் பழுதும் கசிவும்

யமுனைக் கரையில் தில்லி வளர்ந்தது என்று சொல்லப்பட்டாலும், 13, 14ஆம் நூற்றாண்டுகளின் தலைநகரங்கள் பலவும் ஆற்றிலிருந்து விலகி, ஆரவல்லியின் வடகோடிப் பாறைமேட்டையொட்டி அமைந்தமையால், பருவமழையில் ஓடைகளில் பாய்ந்து மறையும் நீரைக் கரையிட்டுத் தேக்காமல் அவை வாழ இயலவில்லை. இல்துத்மிஷ் 1230 வாக்கில் மெஹ்ரோலியில் அமைத்த ஹவுஸ்-இ-ஷம்சியும், சிரி நகருக்காக அலாவுதீன் கில்ஜி வெட்டுவித்த ஹவுஸ்-இ-அலாயும் (இன்றைய ஹவுஸ் காஸ்) இத்தேவையில் பிறந்தவை.

கட்டியவர்களைவிடப் பழுதுபார்த்தவரே இவ்வரலாற்றில் கூடுதல் கவனத்துக்கு உரியவர். 1351 முதல் 1388 வரை ஆண்ட ஃபிரூஸ் ஷா துக்ளக், ஷம்சி ஏரியின் வரத்துக்கால்களை, அதாவது நீர் வந்துசேரும் வாய்க்கால்களை, நேர்மையற்றோர் அடைத்துவிட்டதையும், தூர்ந்துபோன அலாய் ஏரியின் படுகையில் மக்கள் பயிரிட்டுக் கிணறு வெட்டி நீரை விற்றுவந்ததையும், தாம் இரண்டையும் சீராக்கியதையும் ‘ஃபுதூஹாத்-இ-ஃபிரூஸ்ஷாஹி’யில் பதிவுசெய்தார். புதுக்கட்டடமே அரசனுக்குப் புகழ் தந்த காலத்தில், முன்னோர் பணிகளைச் செப்பனிடுவதற்கு முதலிடம் தந்ததாக ஓர் அரசர் எழுதிவைத்தது அரிய செய்தி.

தூர்ந்த படுகையில் கிணறு நீர் தந்தது என்பது, மேலே நீர் நில்லாதபோதும் நிலத்தடியில் அது தங்கியிருந்ததைக் காட்டுகிறது. படுகை வழியே இறங்கும் இத்தகைய கசிவு கிணறுகளுக்கு உணவு. கரை வழியே ஊடுருவும் கசிவோ மண் துகள்களை அரித்துக்கொண்டு வெளியேறத் தொடங்கினால், புறச்சரிவின் அடியிலிருந்து ஏரியை நோக்கிப் பின்னோக்கி வளரும் சுரங்கமாகிக் கரையையே உடைக்கும். தெளிந்து கசியும் நீரைவிடக் கலங்கி வரும் நீரே பெரிய அபாயக்குறி. ஆகவே உட்சரிவில் களிமண் பூசி நுழைவைக் குறைக்கலாமே தவிர, புறச்சரிவில் வெளிப்படும் வாயை அடைத்தல் கூடாது. அடைத்தால் உள்ளழுத்தம் ஏறும். நீரை விட்டு மண்ணைத் தடுக்கும்படி மணல், சரளை, கல் ஆகியவற்றைப் படிப்படியாகப் பருமன் கூட்டி அடுக்கும் வடிகட்டிப் படுகையே அங்கு வேண்டும். அத்துகள்களின் அளவுக்கான விதியைக் கார்ல் டெர்சாகி 20ஆம் நூற்றாண்டில் வகுத்தார். பழைய அணைகளுக்கு மட்டும் நேரும் கேடு அன்று இது: 1960களில் கட்டி முடித்த நானக் சாகர் மண் அணை, அடித்தளத்தில் நேர்ந்த இத்தகைய அரிப்பினால் 1967இல் உடைந்தது. தில்லியிலுள்ள மத்திய நீர் ஆணையத்தில் அணைப் பாதுகாப்புக்கென ஒரு தனிப்பிரிவு 1979இல்தான் தோன்றியது.

தூர்வாருதலிலும் இதே நிதானம் வேண்டும். படுகையில் படிந்த நுண்களிமண்ணை அடியோடு அகற்றினால், அதுவரை மெல்ல இறங்கிய நீர் விரைந்து வடிந்துவிடக்கூடும்.

வறண்டு கிடந்த ஹவுஸ் காஸில் 2000களின் தொடக்கத்தில் சுத்திகரித்த கழிவுநீர் விடப்பட்டு, பழைய பரப்பில் ஒரு பகுதி மட்டும் மீண்டும் ஏரியாயிற்று. மழைநீரைத் திரட்டித் தந்த நிலம் கட்டடங்களுக்கு அடியில் மறைந்துபோனமையால், ஃபிரூஸ் ஷா செய்ததுபோல் வரத்துக்கால்களைத் திறந்துவிட அங்கு இன்று வழியில்லை.