மிச்சம் ஒரு சதவீதம்

போன மாசம் ஒரு நண்பன் வாட்ஸ்அப்பில் படம் ஒண்ணு அனுப்பினான். சுண்டுவிரல் அளவு கண்ணாடிக் குப்பி, அடியில் ஒட்டிக்கிட்டிருக்கிற கொஞ்சம் வெள்ளைப் பொடி. கூடவே ஒரு பக்கச் சான்றிதழ்: தூய்மை 99 சதவீதம். அவன் பிஎச்டி மாணவன். மூணு மாசமா ஒரே பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்றான். ஒவ்வொரு குப்பிக்கும் ஒவ்வொரு ரிசல்ட். "பொருள் 99 சதவீதம் சுத்தம்னா, தப்பு என் கையிலதானே இருக்கணும்?"னு கேட்டான்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனப்போ கிடைச்ச கதைதான் இன்னைக்கு எபிசோட். 99 சதவீதம் என்ற அந்த எண்ணுக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கு.

முதல்ல, பெப்டைடுன்னா என்ன? அமினோ அமிலங்களை மணிகளா நினைச்சுக்கோங்க. அதை வரிசையா கோத்த சின்ன மாலைதான் பெப்டைடு. ரொம்ப நீளமா கோத்தா அது புரதம். இன்சுலின், ஆக்ஸிடோசின் எல்லாம் இந்தக் குடும்பம். நம்ம உடம்பு ஒவ்வொரு நொடியும் இதைக் கோத்துக்கிட்டே இருக்கு. மனுஷன் கையால் கோக்க ஆரம்பிச்சதுதான் நம்ம கதை.

சேவல் சொன்ன சாட்சி

1901-ல் ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் இரண்டு மணிகளைக் கோத்தார். 1907-ல் 18 மணிகள் வரை போய்ட்டார். அந்தக் காலத்தில் ஒரு பொருள் சுத்தமா இல்லையான்னு பார்க்க இருந்த வழிகள் ரொம்பக் குறைவு. படிகமாகுதா, எந்தச் சூட்டில் உருகுது, எரிச்சுப் பார்த்தா கார்பனும் நைட்ரஜனும் சரியான விகிதத்தில் வருதா, அவ்வளவுதான்.

அடுத்த பெரிய தாவல் 1953. நியூயார்க்கில் வின்சென்ட் டு வினோ என்பவர் ஆக்ஸிடோசினைச் செயற்கையாகச் செய்தார். பிரசவத்தில் கருப்பையைச் சுருங்க வைக்கிற, தாய்ப்பாலை வெளியே வரவைக்கிற ஹார்மோன் அது. ஒன்பதே மணிகள். பெப்டைடு ஹார்மோன் ஒன்றை மனுஷன் செய்தது அதுதான் முதல் முறை. 1955-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைச்சுது.

ஆனா தான் செஞ்சது அசல்தான்னு அவர் எப்படி நிரூபிச்சார்? வேதியியல் ஒப்பீடுகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் உயிருள்ள சாட்சிகள். அந்தக் காலத்து வழக்கமான சோதனைகளில் ஒண்ணு, மருந்தைக் கோழிக்கு ஊசி போட்டு ரத்த அழுத்தம் எவ்வளவு இறங்குதுன்னு அளக்கிறது. இயற்கையான ஆக்ஸிடோசினும் செயற்கையானதும் ஒரே மாதிரி வேலை செஞ்சா, கைதட்டல். அப்போ தூய்மை என்பது கிட்டத்தட்ட 'வேலை செய்யுதா?' என்ற கேள்விதான்.

அந்தக் கேள்வி எவ்வளவு கறாரானதுன்னு 1960-ல் தெரிஞ்சுது. பிராடிகைனின்னு ஒரு பெப்டைடு. 1949-ல் பிரேசிலில் மவுரிசியோ ரோச்சா இ சில்வா குழு, பாம்பு விஷத்தையும் ரத்தத்தையும் வெச்சுச் செய்த ஆய்வில் கண்டுபிடிச்சது. இதில் எட்டு மணிகள் இருக்குன்னு முதலில் ஒரு வரிசையை வெளியிட்டாங்க. சுவிட்சர்லாந்தின் பாசலில் ரோஜர் புவாசோனா குழு அந்த எட்டையும் அப்படியே கோத்துப் பார்த்தது. ஒரு சலனமும் இல்லை! அப்புறம் ஏழாவது இடத்தில் ஒரு புரோலினைச் சேர்த்து ஒன்பதாக்கினாங்க. உடனே உயிர் வந்தது.

இதை மனசுல வெச்சுக்கோங்க. ஒரே ஒரு மணி விட்டுப்போனா, அது வேற பொருள்.

மெரிஃபீல்டின் மணிகள்

அந்தக் காலத்து முறையில் ஒவ்வொரு மணியைக் கோத்ததும் நிறுத்தி, வடிகட்டி, சுத்தம் பண்ணி, சரி பார்த்துத்தான் அடுத்ததுக்குப் போகணும். ஒரு பெப்டைடுக்கு மாசக்கணக்கு, சில சமயம் வருஷக்கணக்கு.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் இருந்த புரூஸ் மெரிஃபீல்டுக்கு இது சலிச்சுப் போச்சு. 1959 மே 26 அன்று தன் லேப் நோட்டில் ஒரு யோசனையை எழுதினார். மாலையின் முதல் மணியை ஒரு பிளாஸ்டிக் உருண்டையில் கட்டிப்போட்டா என்ன? அடுத்த மணியை ஊத்து, ஒட்டட்டும், மிச்சத்தைக் கழுவி விடு. திரும்ப ஊத்து, திரும்பக் கழுவு. மாலை எங்கேயும் போகாது, உருண்டையிலேயே இருக்கும். கேட்க எளிமை. வேலை செய்ய வைக்க வருஷங்கள் ஆச்சு. 1963-ல் நான்கு மணி கோத்த ஒரு சின்ன பெப்டைடோட, தன் பெயரை மட்டும் போட்டு, கட்டுரை வெளியிட்டார். கொஞ்ச காலத்திலேயே பிராடிகைனினை நாள் கணக்கில் செய்து காட்டினார். அடுத்து, இந்த வேலையைத் தானாகச் செய்கிற இயந்திரமும் வந்துடுச்சு.

எல்லாரும் கொண்டாடினாங்கன்னு நினைக்கிறீங்களா? இல்லை. பழைய பள்ளி வேதியியலாளர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: நடுவில் எங்கேயும் நிறுத்திச் சுத்தம் பண்ணலையே, அப்போ உருண்டையில் இருப்பது என்னன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ஒவ்வொரு படியிலும் 99 சதவீத மாலைகளில் அடுத்த மணி ஒட்டுதுன்னு வெச்சுக்கலாம். சூப்பர் இல்லையா? ஒன்பது மணி மாலைக்கு எட்டு படி, கடைசியில் சரியானது சுமார் 92 சதவீதம். 50 மணின்னா 61 சதவீதம். 124 மணின்னா வெறும் 29 சதவீதம். மிச்சம் எல்லாம் எங்கேயோ ஒரு மணி விட்டுப்போன மாலைகள். இதில் கொடுமை என்னன்னா, கழுவும்போது ஒட்டாத மணிகள்தான் போகும். ஒரு மணியைத் தவறவிட்ட மாலை உருண்டையோட கட்டப்பட்டிருக்கே, அது போகாது. அடுத்த படியில் அதுவும் ஒழுங்கா வரிசையில் நின்னு அடுத்த மணியை வாங்கிக்கும்.

124-ங்கிற எண்ணைச் சும்மா சொல்லலை. ரைபோநியூக்ளியேஸ் ஏ என்ற நொதியில் 124 அமினோ அமிலங்கள். 1969-ல் மெரிஃபீல்டும் பெர்ன்ட் குட்டேயும் அதை இயந்திரத்தில் கோத்தாங்க. 369 வேதிவினைகள், 11,931 படிகள். அதே சமயம் மெர்க் நிறுவனத்தின் குழு இதே நொதியின் இன்னொரு வடிவத்தைப் பழைய முறையில், துண்டு துண்டாகச் செய்து இணைச்சிருந்தது. மெரிஃபீல்டின் நொதி வேலை செஞ்சுது, ஆனா இயற்கையான நொதியின் முழு வேகத்தில் இல்லை. சுத்தம் பண்ணச் சுத்தம் பண்ண வேகம் கூடிச்சு. 1984-ல் அவருக்கு நோபல் கிடைச்சப்போ, அந்தப் பழைய கேள்வி செத்துப்போகலை. அதுக்குப் பதில் சொல்றதே தனித் துறையா வளர்ந்திருந்தது.

மூணு ஜோடிக் கண்கள்

முதல் கண், நிறம். 1910-ல் கேம்பிரிட்ஜில் ரூஹெமன் என்பவர் நின்ஹைட்ரின் என்ற பொருளைக் கண்டுபிடிச்சார். அமினோ அமிலம் பட்டா ஊதாவாகும். போலீஸ் கைரேகை எடுக்கவும் இதைப் பயன்படுத்துது. 1970-ல் கைசர் குழு இதைப் பெப்டைடு தயாரிப்புக்குக் கொண்டு வந்தது. சில உருண்டைகளை எடுத்துச் சூடாக்குங்க. நீலமா மாறினா, மணி ஒட்டாத மாலைகள் இன்னும் இருக்கு. அந்தப் படியைத் திரும்பச் செய்யணும்.

இரண்டாவது கண் ஹெச்பிஎல்சி. 1970-களில் பெப்டைடு உலகுக்குள்ளே வந்தது. நுண்ணிய துகள்கள் அடைச்ச ஒரு குழாய் வழியா கரைசலை அதிக அழுத்தத்தில் செலுத்துவாங்க. ஒவ்வொரு மூலக்கூறும் துகள்களில் ஒட்டுற அளவைப் பொறுத்து முன்னே பின்னே வெளியே வரும். வெளியே வரும்போது புற ஊதா ஒளியில் பார்த்தா, திரையில் மலைமலையா கோடு எழும். பெரிய மலையின் பரப்பை மொத்த மலைகளின் பரப்பால் வகுத்தா வருவதுதான் சான்றிதழில் பார்க்கிற 99.

மூன்றாவது கண் நிறை நிறமாலைமானி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். மூலக்கூறைத் தராசில் வைக்கிற மாதிரி. உடையக்கூடிய பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் எடை போட வழி கண்டதற்கு ஜான் ஃபென், கோயிச்சி தனாகா இருவரும் 2002-ல் நோபல் பரிசில் பங்கு வாங்கினாங்க. பிராடிகைனினின் எடை சுமார் 1,060. புரோலின் விட்டுப்போனா 963. 1960-ல் ஒரு பெப்டைடையே செய்து பார்த்துத் தெரிஞ்சுக்கிட்ட விஷயம், இன்னைக்குச் சில நிமிஷ வேலை.

ஆனா ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. லூசின், ஐசோலூசின் என்ற இரண்டு மணிகளுக்கும் ஒரே எடை. மாத்திக் கோத்தாலும் தராசு முள் அசையாது. ஒரு அமினோ அமிலம் கண்ணாடி பிம்பம் மாதிரி இடவலமாத் திரும்பிட்டாலும் அதே எடைதான். ஹெச்பிஎல்சியிலோ, இரண்டு பொருள்கள் ஒரே நேரத்தில் வெளியே வந்தா ஒரே மலையாத்தான் தெரியும்.

கல் எடை, நிகர எடை

நகைக்கடைக்குப் போயிருப்பீங்க. 916 ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தரத்தைச் சொல்லும். ஆனா பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடைன்னு தனித்தனியா இருக்கும் இல்லையா? தரம் வேற, அளவு வேற.

பெப்டைடும் அதே மாதிரி. ஹெச்பிஎல்சி காட்டுற 99, பெப்டைடு சமாச்சாரங்களுக்குள்ளே அசல் எவ்வளவுங்கிற கணக்கு. பொடியில் ஒட்டியிருக்கிற தண்ணீரும் உப்பும் அந்தக் கணக்கிலேயே வராது. 99 சதவீதத் தூய்மை உள்ள பொடியை ஒரு மில்லிகிராம் நிறுத்தா, உள்ளே பெப்டைடு 0.7 மில்லிகிராம்தான் இருக்கலாம். ஒவ்வொரு தயாரிப்புக்கும் இது மாறும். நிகர எடை தெரியணும்னா பெப்டைடை முழுசா உடைச்சு அமினோ அமிலங்களை எண்ணணும். அந்த எண்ணும் இயந்திரத்தை 1958-ல் செய்தவங்க, அதே ராக்ஃபெல்லரில் இருந்த ஸ்டான்ஃபோர்ட் மூரும் வில்லியம் ஸ்டைனும் அவங்க சகா டேரல் ஸ்பாக்மனும்.

அந்த உப்பு சும்மா இருக்கிற உப்பும் இல்லை. தயாரிப்பிலும் சுத்திகரிப்பிலும் பயன்படுற ட்ரைஃபுளோரோ அசெட்டிக் அமிலம் பெப்டைடோடேயே ஒட்டிக்கிட்டு வரும். 1999-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஜில் கார்னிஷ் குழு இதை ஆராய்ந்தது. எலும்பை உருவாக்கும் செல்கள், குருத்தெலும்புச் செல்கள் ரெண்டும் பெருகுவதை இந்த ஒட்டுண்ணி உப்பே தடுக்குதுன்னு காட்டினாங்க. பெப்டைடு செய்ததுன்னு நினைச்சு உப்பு செய்ததை எழுதிவைக்கிற ஆபத்து.

மாவு மில்லில் மிளகாய்

இப்போ கதையின் கனமான பகுதி. ஹெச்ஐவி தடுப்பூசிச் சோதனைகளில், தடுப்பூசி போட்டவரின் ரத்தச் செல்களை எடுத்து, வைரஸின் சின்னச் சின்னப் பெப்டைடு துண்டுகளைக் காட்டுவாங்க. டி-செல்கள் துள்ளி எழுந்தா, உடம்பு அந்த வைரஸை அடையாளம் கண்டுக்கிச்சுன்னு அர்த்தம். தடுப்பூசி வேலை செய்யுதான்னு தீர்மானிக்க இது ஒரு முக்கியச் சான்று.

2008-ல் ஜெஃப்ரி கரியரும் சக ஆய்வாளர்களும் ஒரு சங்கடமான கட்டுரை வெளியிட்டாங்க. ஒரு ஹெச்ஐவி பெப்டைடுக்கு வலுவான எதிர்வினை கிடைச்சுது. பார்க்க அசல் மாதிரியே இருந்துச்சு. ஆனா எந்தச் செல்கள், எத்தனை செல்கள் துள்ளுதுன்னு தோண்டினப்போ கணக்கு இடிச்சுது. கடைசியில் குப்பியையே பிரிச்சுப் பார்த்தாங்க. உள்ளே எடையில் ஏறக்குறைய ஒரு சதவீதம், சைட்டோமெகலோ என்ற வேறொரு வைரஸின் பெப்டைடு. ஆய்வுக்கூடங்கள் அடிக்கடி பயன்படுத்துற ஒண்ணு. அந்த வைரஸ் உலகத்தில் பெரியவர்களில் பெரும்பாலானவங்க உடம்பில் அமைதியா குடியிருக்கு. ஆக, டி-செல்கள் பொய் சொல்லலை. பழைய எதிரியைப் பார்த்துச் சரியாத்தான் கத்தின. நாமதான் பேரைத் தப்பா எழுதினோம்.

மாவு மில்லில் நமக்கு முன்னாடி ஆள் மிளகாய் அரைச்சிருந்தா நம்ம கோதுமை மாவு காரமா இருக்குமே, அந்த மாதிரி. மாவு பார்க்க மாவாத்தான் இருக்கும். நாக்குதான் கண்டுபிடிக்கும். டி-செல் அப்படிப்பட்ட நாக்கு. கரியர் குழு பார்த்த கலப்படம் ஒரே ஒரு கம்பெனியோட பொருளிலும் இல்லை. தனித்தனியான இரண்டு தயாரிப்பாளர்களின் பெப்டைடுகளில் இருந்தது.

2011-ல் பாரிஸில் டைப் 1 நீரிழிவை ஆராய்ந்த குழு ஒண்ணு இன்னொரு படி மேலே போச்சு. நிறை நிறமாலைமானியாலேயே பிடிக்க முடியாத அளவு கலப்படத்தை டி-செல்கள் அடையாளம் கண்டதா அறிவிச்சுது. கோழியில் ஆரம்பிச்ச கதை சுத்திச் சுத்தித் திரும்ப உயிருள்ள சாட்சிக்கே வந்து நிக்குது பாருங்க. அதனாலதான் கரியர் குழு சொன்ன தீர்வு இது: வேதியியல் சோதனை, உயிரியல் சோதனை ரெண்டையும் சேர்த்துச் செய்யுங்க. ஒண்ணு தவறவிடுவதை இன்னொண்ணு பிடிக்கும்.

நண்பனுக்குச் சொன்னது

இதையெல்லாம் படிச்ச பிறகு நண்பனுக்கு போன் பண்ணினேன். "உன் கையைத் திட்டுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளு"ன்னேன். அந்த 99-ஐ எந்த முறையில் அளந்தாங்க? நிகர பெப்டைடு எவ்வளவு? கூட வர்ற உப்பு எது? இந்தத் தயாரிப்பு எண்ணுக்கே எடுத்த வரைபடமா, இல்ல எப்பவோ எடுத்த மாதிரிப் படமா? அதோட, வேற இடத்தில் செய்த அதே பெப்டைடையும், மணிகளைக் கலைச்சுக் கோத்த பொய்ப் பெப்டைடையும் பக்கத்தில் வெச்சுப் பார்.

ரெண்டு குப்பியின் நிகர எடையைக் கேட்டு வாங்கினான். ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நல்ல வித்தியாசம். மூணு மாசமா அவன் ஒரே அளவுன்னு நினைச்சுப் போட்டது ஒரே அளவே இல்லை.

இன்னொரு விஷயம். ஜிம் வட்டாரத்தில் இந்த 'ஆய்வுக்கு மட்டும்' குப்பிகளை ஊசியா போட்டுக்கிறவங்க இருக்காங்க. சான்றிதழில் 99 இருக்கே என்பாங்க. கிருமி இருக்கா, காய்ச்சலை வரவைக்கிற பாக்டீரியா நச்சு இருக்கா, இதெல்லாம் அந்த எண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதைக் கேட்கவே இல்லையே.

99 பொய் இல்லை. அது ஒரு கேள்விக்கு வந்த நேர்மையான பதில். நாம கேட்க நினைச்ச கேள்வியும் அதுதானான்னு பார்க்க வேண்டியது நம்ம பொறுப்பு. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.