கரந்துறை சொல்: தமிழர் புதிர்க்கலை வரலாறு

ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத்திலே, நமுனுகுல மலையின் அயலில் அமைந்த ஊர் பசறை. இவ்வூர்ப்பெயரின் இடையெழுத்தை நீக்கினால் பறை என நிற்கும். மாவட்டத் தலைநகராகிய பதுளையின் முதலெழுத்தை நீக்கினால் துளை எனவும், இடையெழுத்தை நீக்கினால் வடபுலத்து ஊர்களுள் ஒன்றாகிய பளை எனவும் நிற்கும். இது சிறுவர் விளையாட்டென்று ஒதுக்கத்தக்கதன்று. எழுத்தை ஒவ்வொன்றாக நீக்க வெவ்வேறு பொருள் தோன்றுமாறு அமைக்கும் இம்முறைக்கு அக்கரச்சுதகம் என்று பெயரிட்டுத் தமிழ் அணிநூலார் இலக்கணமும் வகுத்துள்ளனர். விடையைக் குறிப்பினுள்ளே மறைத்து வைக்கும் குறுக்கெழுத்துப் புதிர் மேனாட்டில் தோன்றுதற்குப் பல நூற்றாண்டு முன்னரே, அதன் உறுப்புக்கள் பலவற்றைத் தமிழர் கற்றும் பயின்றும் வந்தனர் என்பது ஆராயத்தக்க செய்தியாகும்.

தொல்காப்பியர் செய்யுளியலிலே பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என யாப்பின் வகை ஏழு கூறினார். இவற்றுள் பிசி என்பதே இக்காலத்து விடுகதை. ஈழத்தில் நொடி எனவும் வழங்கும். ஒப்புமை காட்டி ஒன்றை உணர்த்துவதும், ஒன்றைச் சொல்ல அதனாற் பிறிதொன்று துணியப்படுவதும் என அவர் அதனை இருவகைப்படுத்தினார். விடுகதையை நூலோடும் பாட்டோடும் ஒருங்கு வைத்து எண்ணிய அவ்வாசிரியர் அதனை இழிவாகக் கருதினாரல்லர்.

பின்னர் வடமொழியில் தண்டி இயற்றிய காவியாதர்சம் பிரகேளிகை எனப்படும் புதிர்வகை பதினாறு கூறிற்று. அவற்றின் பயன் மூன்றென்பது அந்நூலின் கருத்து: சுவையறிந்தோர் கூடும் விளையாட்டவையில் இன்பம் பயத்தல், பலர் நிறைந்த இடத்தில் மறைபொருள் பேசுதல், பிறரை மயங்கச் செய்தல். இவற்றுள் முதலாவது ஊன்றி நோக்கத்தக்கது. புதிருக்கு அவை வேண்டும். போடுபவனும் விடுப்பவனும், உடனிருந்து இடித்துரைப்போரும் வியப்போரும் இல்லாதவிடத்துப் புதிர் வெறும் வாக்கியமாய்க் கிடக்கும்.

காவியாதர்சத்தைத் தழுவிப் பன்னிரண்டாம் நூற்றாண்டளவில் எழுந்த தண்டியலங்காரம், சொல்லணியியலிலே சித்திரகவிகளைத் தொகுத்துக் கூறுகின்றது. அவற்றுட் சிலவற்றை இக்காலக் குறுக்கெழுத்துப் புதிரோடு ஒப்பிடுதல் பயனுடைத்து.

வினாவுத்தரம் என்பது சில வினாக்களுக்குத் தனித்தனி விடை கூறி, அவ்விடைகளைச் சேர்க்க இறுதி விடை தோன்றச் செய்வது. பேசும் உறுப்பு யாது? நா. மலர்ந்த பூ யாது? அலர். இரண்டும் கூடியவர் யாவர்? நாவலர். ஆங்கிலப் புதிராளர் சொல்லைக் கூறுகூறாக்கிக் குறிப்பமைக்கும் முறை இதுவேயாம். கூடசதுக்கத்திலே நான்காம் அடியின் எழுத்துக்கள் முதல் மூன்றடியினுள்ளும் மறைந்து கிடக்கும். காதைகரப்பிலோ, ஒரு செய்யுளை ஈற்றிலிருந்து ஓரெழுத்து இடையிட்டு எடுத்துச் செல்ல வேறொரு செய்யுள் வெளிப்படும். குறிப்பின் சொற்களுக்கிடையே விடையைப் புதைக்கும் முறைக்கு இவை மிக அணியன. “சொல் அழகா, கம்பன் பொருள் அழகா எனும் வினாவில் ஒளிந்த பறவை” என்று ஒரு குறிப்புத் தரப்படின், வினவப்படுவோன் கம்பன் கவிநலத்திலே மனம் செலுத்துவான். ‘அழகா கம்பன்’ என்பதனுள்ளே காகம் இருத்தலைக் காணான். கருத்தை ஒருபுறம் ஈர்த்து விடையை மறுபுறம் வைத்தலே இக்கலையின் உயிர்.

முன்பின் எவ்வாறு படிப்பினும் ஒன்றாகவே நிற்கும் மாலைமாற்றினைத் திருஞானசம்பந்தர் சீர்காழிப் பதிகமாகவே பாடியருளினார். அது மூன்றாந் திருமுறையில் உள்ளது. ஒரு சொற்றொடரை இருபொருட்கு உரியதாக்கும் சிலேடையிலே பதினைந்தாம் நூற்றாண்டுக் காளமேகப்புலவர் பெயர் பெற்றவர். பத்திமைக்கும் எள்ளலுக்கும் ஒருங்கே இக்கலை இடங்கொடுத்தமை இதனாற் புலனாம்.

இனி, மேனாட்டு வரலாறு. 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆந் திகதி நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் என்பார் முதற் குறுக்கெழுத்துப் புதிரை வெளியிட்டார். அதன் குறிப்புக்கள் நேர்பொருள் தருவன. மறைபொருட் குறிப்பை வளர்த்தோர் ஆங்கிலேயர். எட்வர்ட் போயிஸ் மாதர்ஸ், டோர்க்கெமாடா என்னும் புனைபெயரில் 1926 முதல் ஒப்சேர்வர் பத்திரிகையில் அத்தகைய புதிர்களை அமைத்தார். 1930இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகையும் புதிர் வெளியிடத் தொடங்கிற்று. 1942 ஜனவரியில் டெய்லி டெலிகிராப் பத்திரிகை, பன்னிரண்டு நிமிடத்துள் புதிரை விடுவிக்குமாறு அறைகூவி ஒரு போட்டி நடாத்தியது. அதிற் பங்குபற்றியோருட் சிலர் பின்னர் பிளெச்லி பார்க்கில் பகைவரின் மறைமொழியை அவிழ்க்கும் பணிக்கு அழைக்கப்பட்டனர். சென்னை இந்து நாளிதழ் 1971இல் ஆங்கில மறைபொருட் புதிரைத் தொடங்கியபோது அதனை அமைத்தவர், இந்தியக் கடற்படைத் தலைவராயிருந்து ஓய்வுபெற்ற இராம் தாஸ் கட்டாரி ஆவார்.

தமிழிதழ்களிற் குறுக்கெழுத்துப் போட்டி 1930களிலே பரவிற்று. பரிசுப் பணம் வாசகரை ஈர்த்தது. எனினும் பரிசுப்போட்டிகள் பலவற்றில் ஒரே கட்டத்துக்கு இரண்டு சொற்கள் பொருந்தும். எது விடையென்பதைப் போட்டி நடாத்துவோரின் முத்திரையிட்ட உறையே தீர்மானிக்கும். இத்தகைய போட்டிகளை ஒழுங்குபடுத்த இந்தியாவில் 1955ஆம் ஆண்டுச் சட்டம் எழுந்தது. மாதமொன்றுக்குப் பரிசு மொத்தம் ஆயிரம் ரூபாவை விஞ்சலாகாது என்பது அதன் விதி. 1957இல் உச்ச நீதிமன்றம், அச்சட்டம் சூதின் இயல்புடைய போட்டிகளையே குறிக்கும்; திறமையாற் பெரிதும் வெற்றி பெறத்தக்கவற்றைக் குறியாது எனத் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் கண்ட இவ்வேறுபாடு தமிழ் மரபுக்கும் உடன்பாடே. நல்ல புதிரின் விடைக்கு உறை வேண்டுவதில்லை. கண்ட மாத்திரத்தே அது தன்னைத் தானே மெய்ப்பிக்கும்.

தமிழெழுத்தின் இயல்பும் ஈண்டு எண்ணத்தக்கது. ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்து. தமிழில் உயிர்மெய் உட்பட 247. கட்டமொன்றில் உயிர்மெய் முழுதாய் நிற்றலின் நெடுக்கும் குறுக்கும் பொருந்தச் சொற்களை அமைத்தல் அரிது. எழுத்துக்களைக் கலைத்து மாற்றுதலும் அரிது. ஆயினும் புணர்ச்சி தமிழுக்கு ஒரு பெருந்துணை. தேய், இலை என்னும் இரண்டும் புணரத் தேயிலையாகின்றது. சொல்லின் எல்லை மறையுமிடத்துப் புதிர் இயல்பாகவே பிறக்கின்றது.

இத்தேயிலையே மக்களை ஊவாவுக்குக் கொணர்ந்தது. முன்னர்க் கோப்பிக்கும், 1870களின் பின்னர்த் தேயிலைக்கும் உழைக்கத் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து வந்தோர் தண்டியலங்காரத்தை ஏட்டிற் கொணர்ந்தாரல்லர். விடுகதையை நாவிற் கொணர்ந்தனர். பகலெல்லாம் கொழுந்து பறித்து லயத்துக்கு மீண்டபின், அடுப்பங்கரையிலும் வாசலிலும் பாட்டி போட, பேரப்பிள்ளைகள் விடுவித்தனர். எழுத்தறிவு வாய்க்காதவிடத்து அதுவே அவர்தம் பள்ளி. உவமை, சிலேடை, கூர்ந்த நோக்கு ஆகியவற்றைப் பிள்ளைகள் அங்கே கற்றனர்.

அந்த அவையே பிற்காலத்திற் சிதறியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையக மக்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் பற்றிய முடிவு 1974இல் எட்டப்பட்டது. ஒரு லயத்திலே பாட்டி கப்பலேறப் பேரன் நின்றான். பிறிதொன்றிலே பேரன் போகப் பாட்டி நின்றாள். போடுபவர் ஒரு கரையிலும் விடுப்பவர் மறுகரையிலுமாயின் விடுகதை யாண்டு வாழும்? நூலில் எழுதப்பட்ட சித்திரகவி ஏட்டிலே பிழைத்தது; வாயில் வழங்கிய பிசிக்கோ ஏடு இல்லை.

ஆதலின் பசறைப் பகுதி மாணவர் ஆற்றத்தக்க பணி ஒன்றுளது. தத்தம் தோட்டத்து முதியோரிடம் விடுகதை கேட்டு, அவர் சொன்ன சொல் மாறாது, தோட்டத்தின் பெயரும் கேட்ட நாளும் குறித்து எழுதி வைத்தல் வேண்டும். விடையையும் உடனெழுதுதல் இன்றியமையாதது. விடை அறிந்தோர் மறைந்தபின் எஞ்சும் புதிரைத் தொல்காப்பியரே வரினும் விடுவித்தல் அரிதாகும்.