தபலா இல்லாத பத்து ராகங்கள்

1974-ல் ஜெர்மனியிலிருந்து இரண்டு மின்னிசைத் தட்டுகள் வந்தன. டாஞ்சரின் ட்ரீம் குழுவின் 'ஃபீட்ரா' ஒன்று, கிராஃப்ட்வெர்க்கின் 'ஆட்டோபான்' இன்னொன்று. 'ஆட்டோபானி'ல் ஒரு பக்கம் முழுக்க, இருபத்திரண்டு நிமிடத்துக்கும் மேல், நெடுஞ்சாலையில் கார் போய்க்கொண்டே இருக்கும். விக்ரோலியில் ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே பக்கம் குடியிருக்கும் எனக்கு அது பழகிய சத்தம். ஆனால் அதை மறுபடி கேட்டு முடித்ததும் மனசு போய் நிற்பது இதே பம்பாயில் பிறந்த ஒரு தட்டில்: சரண்ஜித் சிங்கின் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. எச்.எம்.வி. வெளியீடு, 1982.

சரண்ஜித் சிங் இந்திப் பட ரெக்கார்டிங்குகளில் கிடாரும் கீபோர்டும் வாசித்தவர். 'தம் மாரோ தம்' பாட்டில் டிரான்சிகார்ட் என்ற மின் அக்கார்டியன் வாசித்தது அவர்தான். 1980-ல் 'குர்பானி' படம் வந்த பிறகு எங்கு பார்த்தாலும் டிஸ்கோ. அதே தாளத்தை வைத்துக்கொண்டு, தபலாவை எடுத்துவிட்டு, மேலே ராகம் வாசித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. சிங்கப்பூரில் வாங்கிவந்த ரோலண்ட் கருவிகள் வீட்டில் இருந்தன: ஜூப்பிட்டர்-8 கீபோர்டு, தாளத்துக்கு டி.ஆர்-808, பாஸுக்கு டி.பி-303.

இந்த 303 பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாஸ் வாசிக்கத் துணை இல்லாத கிடார்காரர்களுக்காகச் செய்த சின்னப் பெட்டி அது. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும். ஸ்வரங்களை ஒவ்வொன்றாக ஏற்றி, எங்கே அழுத்தம், எங்கே அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்க வேண்டும் என்று குறித்துவைக்க வேண்டும். அசல் பாஸ் கிடார் போல அது ஒலிக்கவில்லை. சரியாக விற்காமல் 1984-ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் ராகத்துக்கு ஒற்றை ஸ்வரம் போதும், வழுக்கலோ அதன் உயிர். மற்றவர்கள் குறை என்று ஒதுக்கியது இவருக்குத் தோதாக அமைந்தது.

பூபாளி நம் மோகனம், மால்கௌன்ஸ் ஹிந்தோளம், கலாவதி வலஜி. இந்த ஐந்து ஸ்வர ராகங்களில்தான் தட்டு நன்றாகச் சூடுபிடிக்கிறது என்பேன். கீழே 303 ஒரே கோர்வையை விடாமல் சுற்றிக்கொண்டிருக்க, மேலே ஜூப்பிட்டர் நிதானமாக இழுத்து இழுத்துப் போகிறது. யமன் எனக்கு அந்த அளவுக்குப் பிடிக்கவில்லை; கல்யாணிக்கு இன்னும் இடம் வேண்டும், ஐந்து நிமிடம் போதாது.

தட்டு விற்கவில்லை. 1987-ல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு அதே 303-ஐத் திருகி 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளியிட்டது. ஆசிட் ஹவுஸ் என்ற பாணி அதிலிருந்து கிளம்பியது. 2002-ல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் சிங்கின் தட்டைக் கண்டெடுத்து, 2010-ல் மறுபடி வெளியிட்டார். உடனே உலகம் அதற்கு 'முதல் ஆசிட் ஹவுஸ்' என்று பட்டம் கட்டியது.

எனக்கு அந்தப் பட்டத்தில் உடன்பாடில்லை. சிகாகோவை முந்தியதற்காக மட்டும் ஒரு பம்பாய்க் கலைஞனைக் கொண்டாடினால், அவர் பத்து ராகங்களில் செய்த வேலை யார் காதிலும் விழாது. எழுபது வயதுக்கு மேல் ஐரோப்பிய மேடைகளில் இதே இசையை வாசித்துவிட்டு, 2015 ஜூலையில் அவர் மறைந்தார். புதிதாகக் கேட்பவர்கள் மால்கௌன்ஸில் தொடங்கலாம். ஹிந்தோளம் பழகிய காதுக்கு அவர் எங்கே நிற்கிறார், எங்கே வழுக்குகிறார் என்பது சட்டென்று பிடிபடும்.