ராஜம்மாள் ஆன ரோசி

திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் ‘விகதகுமாரன்’ என்ற மலையாளப் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது 1928இல் என்பார் சிலர், 1930 என்பார் சிலர். அன்று படத்தின் கதாநாயகிக்கு மட்டும் தியேட்டரில் இடமில்லை. தொடக்க விழாவுக்கு அழைக்கப்பட்டிருந்த வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை, அந்தப் பெண் இருக்கும் இடத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

அந்தப் பெண் பி.கே. ரோசி. ஒடுக்கப்பட்ட புலையர் சாதிக் குடும்பம், புல் அறுத்துப் பிழைப்பு. காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பெயர் வாங்கியிருந்தார். மலையாளமும் தமிழும் கலந்து பேசிப் பாடும் தெருக்கூத்து அது. பம்பாயிலிருந்து வந்த நடிகை ஒத்துவராமல் போகவே, அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே.சி. டேனியல் ரோசியைத் தேடிப் பிடித்தார். நிலத்தை விற்றுக் கம்பெனி தொடங்கிய டேனியலே இயக்குநர், அவரே கதாநாயகன்.

ரோசிக்குக் கிடைத்த வேடம் சரோஜினி என்ற உயர்சாதி நாயர் பெண். வந்தது வினை! படமோ ஊமைப் படம்; அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நாயர் வீட்டுப் பெண்ணாக உடுத்திக்கொண்டு திரையில் நடமாடியதே குற்றமாகிப் போனது. நாயகன் அவர் கூந்தலில் இருந்த பூவை முத்தமிடும் காட்சி வந்ததும் கல் பறந்தது, திரை கிழிந்தது. கூத்தில் சாமி வேடம் கட்டினால் கைதட்டுகிற ஊர், சினிமாவில் நாயர் வேடம் கட்டினால் கல் எறிகிறது. கலைமேல் வந்த கோபமா இது?

பிறகு அவர் குடிசைக்கே தீ வைத்தார்கள். இரவோடு இரவாக ஓடிய ரோசி, நாகர்கோவில் பக்கம் போன ஒரு லாரியை மறித்து ஏறினார். அதை ஓட்டியவரையே மணந்தார் என்கிறார்கள், அவரும் நாயர்தான். நாயர் பெண்ணாக நடித்ததற்கு அடி வாங்கியவர், நாயர் வீட்டு மருமகளாக, ராஜம்மாள் என்ற பெயரில் தமிழ்நாட்டில் வாழ்ந்து முடித்தார். சினிமா பக்கம் திரும்பவே இல்லை. பழைய கதையைச் சொந்தப் பிள்ளைகளிடம்கூட அவர் விரித்துச் சொன்னதில்லையாம்.

கேரள அரசு 1992 முதல் டேனியல் பெயரில் விருது தருகிறது. 2013இல் வந்த ‘செல்லுலாய்டு’ படம்தான் ரோசியைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. 2019இல் மலையாளத் திரையுலகப் பெண்கள் அவர் பெயரில் ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கினார்கள். மிகவும் தாமதம்தான், அதையும் அரசு செய்யவில்லை, பெண்கள்தான் செய்தார்கள். அவர் நடித்த அந்த ஒரே படத்துக்கு இன்று பிரதி இல்லை.

சொத்தைத் தொலைத்த டேனியல் பல் வைத்தியரான கதை அடுத்த வாரம்.